மலையில மாட்டினவங்களை எப்படி இறக்கினாங்கன்னும் எழுதுங்க சார்

எடிட்டர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவில ஒரு டப்பிங் படம் போட்டாங்க. தியேட்டருக்கு வந்த படம் இல்ல, வெளிநாட்டுல டிவிக்குன்னே எடுத்ததாம். பனிமலை ஏறப்போன 3 பேரு செங்குத்துப் பாறை நடுவுல ஒரு சின்ன திட்டு மேல மாட்டிக்கறாங்க, ஒருத்தனுக்கு கால் உடைஞ்சு போச்சு, புயல் வேற வருது, கீழ இருந்து மீட்பு டீம் கிளம்புது, அவ்ளோதான் கதை. தமிழ்ல குரல் குடுத்தவங்க ஆளாளுக்கு கேப்டன் கேப்டன்னு கூப்பிட்டு காதைப் பிச்சுட்டாங்க, அதை விடுங்க. நான் சினிமா விமர்சனம் எழுத வரல. அந்தப் படத்தைப் பாத்ததுல உங்க பேப்பரைப் பத்தி ஒரு விஷயம் தோணுச்சு, அதுக்குதான் இந்த லெட்டர். நீளமாத்தான் போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா கயிறைப் பத்தி வர்ற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ரிக்கிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ரிக்கிங்னா வெயிட்டான சாமானைக் கயிறு, செயின் பிளாக், வின்ச்சு (கயிறை உருளைல சுத்தி இழுக்கற மிஷின்) வெச்சுத் தூக்கி, கொண்டுபோய் உக்கார வெக்கற வேலை. பாய்லர் பார்ட்டும் தூக்கியிருக்கோம், டேனரி டிரம்மும் தூக்கியிருக்கோம். அதனால எந்தப் படத்துல கயிறு வந்தாலும் என் கண்ணு ஹீரோ மூஞ்சிக்குப் போகாது, கயிறு எங்க கட்டியிருக்கான்னுதான் போகும். வீட்டுல திட்டுவாங்க, உங்ககூட உக்காந்து ஒரு படம் பாக்க முடியலன்னு.

இந்தப் படத்துலயும் அப்படித்தான். ஆனா சும்மா சொல்லக்கூடாது, நிறைய இடத்துல ஒழுங்காவே காட்டியிருக்கான். மேல இருந்து ஆளை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல ஆணி அடிச்சு ரெண்டையும் சேத்து கயிறு கட்டறான், ஒண்ணு பிடுங்கிட்டாலும் இன்னொண்ணு தாங்கும். அந்த ரெண்டு ஆணியும் ரொம்ப தள்ளித் தள்ளி இருந்தா கயிறு விரிஞ்சு போகும், விரிய விரிய ஒவ்வொரு கால்லயும் (ஒவ்வொரு ஆணிக்கும் போற கயிறை எங்க தொழில்ல கால்னுதான் சொல்லுவோம்) இழுவை ஏறும், கயிறு படுமட்டத்துல இருந்து 60 டிகிரில நின்னா ஒரு காலுக்கு லோடுல பாதிக்குக் கொஞ்சம் மேல, 30 டிகிரிக்குப் படுத்துட்டா ஒவ்வொரு காலும் முழு லோடையும் தாங்கணும், அதாவது ரெண்டு கயிறு போட்டும் ஒரு புண்ணியமும் இல்ல. எங்க ஷாப்புல புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்போம். படத்துல அந்த மலைக்காரன் கயிறைக் கையால தட்டிப் பாத்துட்டு, திரும்பப் போய் ஒரு ஆணியைப் பக்கமா மாத்தி அடிக்கறான் பாருங்க, வசனமே இல்ல, யாரோ விவரம் தெரிஞ்ச ஆளு கூட இருந்து எடுத்திருக்காங்கன்னு புரிஞ்சுது.

ஆனா அதே படத்துல கயிறு பாறை முனையில நேரா உரசிக்கிட்டே போகுது, அடியில ஒரு துணி கூட வெக்கல. அங்க எனக்கு உக்கார முடியல. லோடு தொங்கற கயிறு கூர் முனையில உரசினா அது எத்தனை டன் கயிறா இருந்தாலும் அறுந்துடும், ஆளு தொங்கற கயிறுன்னா கேக்கவே வேணாம். அப்பறம் ஒருத்தன் மணிக்கணக்கா பெல்ட்டுலயே தொங்கறான், இறக்கி விட்டதும் எழுந்து நடந்து போறான். அப்படி நடக்காதுங்க. ஹார்னஸ்ல அசையாம தொங்கினா ரத்தம் கால்ல தேங்கிடும், கொஞ்ச நேரத்துல மயக்கம் வரும், உசுருக்கே ஆபத்து, அதுக்குதான் சேஃப்டி கிளாஸ்ல கால் மிதிக்க ஒரு வார் தொங்க விடச் சொல்றாங்க.

ஹெலிகாப்டர் வேற. புயல்ல பாறைக்கு ஒட்டி வந்து நிக்குது. உயரம் போகப் போக காத்து லேசாயிடும், 5,500 மீட்டர் வாக்குல கீழ இருக்கற அழுத்தத்துல பாதிதான் இருக்கும், விசிறிக்குப் பிடிச்சுத் தள்ள காத்து வேணாமா. 1996 மே மாசம் எவரெஸ்ட்ல அவ்ளோ பேரு செத்தப்ப, நேபாள ராணுவத்து பைலட் மதன் கே.சி. சுமார் 6,000 மீட்டருக்கு மேல போய் ரெண்டு பேரை இறக்கினாரு, அதுவும் ஒரு தடவைக்கு ஒருத்தர்தான், ரெண்டாவது ஆளுக்குத் திரும்பி வந்தாரு. ஒரே நேரத்துல ரெண்டு பேரை ஏத்தினா மிஷின் கிளம்பாது. சினிமாவுல என்னடான்னா 4 பேரை ஏத்திக்கிட்டு வட்டம் அடிக்குது.

இதைவிட நிஜமா நடந்த ஒண்ணு சொல்றேன். 1957 ஆகஸ்ட்ல சுவிட்சர்லாந்து ஐகர் மலை வடக்குப் பக்கத்துல இத்தாலிக்காரங்க 2 பேரு, ஜெர்மன்காரங்க 2 பேரு மாட்டிக்கிட்டாங்க. ஐகர் 3,967 மீட்டர், அந்தப் பக்கத்து சுவரு மட்டும் 1,800 மீட்டர் கிட்ட செங்குத்து. கீழ இருந்து போக வழி இல்ல. பல நாட்டுக்காரங்க சேந்து மலை உச்சிக்கு வின்ச்சும் ஸ்டீல் கேபிளும் முதுகுல சுமந்துக்கிட்டுப் போயி, அல்ஃப்ரெட் ஹெல்லபார்ட்னு ஒருத்தரை அந்தக் கேபிள்ல கட்டி நூத்துக்கணக்கான மீட்டர் கீழ விட்டாங்க. அவரு க்ளவுடியோ கோர்ட்டின்னு ஒருத்தரை முதுகுல கட்டிக்கிட்டு மேல வந்தாரு. ஒத்தைக் கம்பில ரெண்டு உசுரு. கோர்ட்டி ஒருத்தருதான் பிழைச்சாரு, இன்னொரு இத்தாலிக்காரரு அந்தச் சுவருலயே செத்துட்டாரு, அந்த ஜெர்மன்காரங்க உடம்பு 1961லதான் கிடைச்சுது, அதுவும் இறங்கற பாதையில, அதாவது அவங்க சுவரு ஏறி முடிச்சுட்டு திரும்பறப்ப செத்திருக்காங்க. 60 வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் எங்கயோ ராணிப்பேட்டைல உக்காந்துக்கிட்டு இதைச் சொல்றேன்னா, கேபிளு எப்படிப் போச்சு வின்ச்சை எங்க உக்கார வெச்சாங்க யாரு இறங்கினாங்கன்னு அன்னிக்கே ஒருத்தர் விடாம எழுதி வெச்சிருக்காங்க. அதனாலதான்.

இப்ப நம்ம பேப்பருக்கு வருவோம். நம்ம பக்கத்துல மலையில யாராவது மாட்டினா செய்தி எப்படி வருதுன்னு நீங்களே ஒருதரம் எடுத்துப் பாருங்க. தகவல் அறிந்த தீயணைப்புத் துறையினர் விரைந்து சென்று கயிறு கட்டி பத்திரமாக மீட்டனர், இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது. முடிஞ்சுது. உங்க பேப்பர் மட்டும்னு சொல்லல, எல்லாப் பேப்பரும் இதையேதான் போடறாங்க. கயிறு கட்டின்னா எங்க கட்டினாங்க? பாறையிலயா மரத்துலயா வண்டியிலயா? இறங்கினது யாரு? ஏன் அவரு? மாட்டினவன் கையில போன் இருந்துச்சா, யாருக்கு முதல்ல அடிச்சான், இடத்தை எப்படிச் சொன்னான், ஆளு போய்ச் சேர எத்தனை மணி ஆச்சு, அதுவரைக்கும் அவன் என்ன பண்ணான், தண்ணி இருந்துச்சா, வெயில்ல இருந்தானா நிழல்ல இருந்தானா? ஒண்ணும் இருக்காது. ஆனா மாட்டினவனோட அப்பா பேரு, தெரு பேரு, என்ன படிக்கறான்னு எல்லாம் இருக்கும். அந்தப் பையன் பாவம் சார், அது யாருக்கு வேணும்?

எழுதத் தெரியாமன்னு சொல்ல முடியாது. 2023 நவம்பர்ல உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கத்துல 41 பேரு 17 நாள் மாட்டினாங்களே, அப்ப எல்லாப் பேப்பர்லயும் தெனமும் படம் வரைஞ்சு போட்டாங்க, பைப்பு எத்தனை மீட்டர் உள்ள போச்சு, துளைக்கிற மிஷின் எங்க உடைஞ்சுது, கடைசி கொஞ்ச மீட்டரை எலி வளை மாதிரி கையால தோண்டறவங்க எப்படித் தோண்டினாங்கன்னு. எங்க தெரு டீக்கடையில ஆகர் மிஷினைப் பத்தி அப்படிப் பேசினாங்க, என்னமோ பாலாத்துல போர் போடற மாதிரி. 2022 பிப்ரவரில பாலக்காடு மலம்புழா பக்கம் சேராடு மலையில ஒரு பையன் பாறை இடுக்குல ரெண்டு நாளு கிட்டக் கிடந்தானே, கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் வந்து முடியாமத் திரும்பிடுச்சு, அப்பறம் வெலிங்டன்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் மிலிட்டரிக்காரங்க வந்து மேல இருந்து கயிறு விட்டு ஒரு வீரர் அவன்கிட்ட போய்ச் சேந்து, முதல்ல தண்ணி குடுத்து, அப்பறம் தன்னோட சேத்துக் கட்டி மேல தூக்கிட்டாங்க. அதையும் விவரமாத்தான் எழுதினாங்க. தூரத்துல நடந்தா விவரம் வருது, நம்ம ஜில்லாவுல நடந்தா நாலு வரி.

நம்ம ஊருல நடக்கறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. சோளிங்கர் பக்கம் ஒரு விவசாயக் கிணத்துல பெரியவர் ஒருத்தர் விழுந்துட்டாரு, நான் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்த சமயம். நம்ம பக்கத்து கிணறு தெரியுமில்ல, கல்லு கட்டின அகலக் கிணறு, எட்டிப் பாத்தாலே தலை சுத்தும். தீயணைப்பு வண்டி வந்துச்சு. அதுல லீடிங் ஃபயர்மேன் இறங்கினதும் பண்ண முதல் வேலை என்ன தெரியுமா, கிணத்தைச் சுத்தி நின்ன கூட்டத்தைப் பத்தடி பின்னாடி தள்ளினாரு, ஓரத்துல இருந்து ஒரு கல்லு உள்ள விழுந்தா கீழ இருக்கறவரு தலைதான். ரெண்டாவது, கோணி கொண்டாங்கன்னாரு. ஒரு அம்மா ஓடிப்போய் நெல்லு மூட்டை சாக்கைக் கொட்டிட்டுக் கொண்டாந்தாங்க, அதை நாலா மடிச்சு கல்லு முனையில கயிறு உக்கார்ற இடத்துல வெச்சாரு. கயிறோட அந்தத் தலையை வண்டியோட சேசிஸ்ல கட்டி, சாவியை எடுத்து தன்னோட பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு, யாரும் வண்டியை நகத்தக்கூடாதுன்னு. ஊருக்காரங்க ஆளுக்கொரு பக்கம் இழு இழுன்னு கத்தறாங்க, அவரு கையைத் தூக்கி, நான் சொல்றதை மட்டும்தான் கேக்கணும், நிறுத்துன்னு மட்டும் யாரு வேணா சொல்லலாம்னாரு. எங்க தொழில்ல சிக்னல்மேன் விதி அதேதான், தூக்கு இறக்குன்னு சொல்ல ஒரே ஒருத்தர், நிறுத்துன்னு சொல்ல எல்லாருக்கும் உரிமை. எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு வீரர் வலையோட இறங்கி, பெரியவரை வலையில உக்கார வெச்சு, அவரு தொடை எலும்பு உடைஞ்சிருக்குன்னு மேல குரல் குடுத்து, அதுக்கப்பறம்தான் இழுக்க ஆரம்பிச்சாங்க. மறுநாள் பேப்பர்ல வந்தது அதே நாலு வரி, அதே பரபரப்பு. அந்தக் கோணி வரல, சாவி வரல.

அது வந்திருந்தா என்னன்னு கேப்பீங்க. வந்திருந்தா அடுத்த ஊருல ஒருத்தன் கிணத்துல விழும்போது யாரோ ஒருத்தனுக்கு சாக்கு ஞாபகம் வரும். நம்ம பக்கத்துல கிணத்துல ஒருத்தன் விழுந்தா காப்பாத்தப் போறேன்னு இறங்கி இன்னும் ரெண்டு பேரு விஷக்காத்துல போற கதையை எத்தனை தரம் படிச்சிருப்போம். இப்படி விவரமா எழுதினா பசங்க தாங்களே கயிறு எடுத்துக்கிட்டு கிளம்பிடுவாங்கன்னு ஒரு நண்பர் சொன்னாரு. எழுதாம இருக்கும்போதே கிளம்பறாங்களே சார், பம்ப்செட் கயிறையும் மாடு கட்டற கயிறையும் முடிச்சுப் போட்டுக்கிட்டு. கடையில விக்கற சாதா நைலான் கயிறு நனைஞ்சா பலம் குறையும், முடிச்சு போட்ட இடத்துல இன்னும் குறையும், ஆளைத் தூக்கற கயிறுக்குப் போடற லோடு மாதிரி 10 மடங்கு பலம் இருக்கணும்னு எங்க தொழில்ல கேப்பாங்க. இதைப் படிச்சவன் கொஞ்சம் யோசிப்பான், தீயணைப்புக்கு 101 அடிச்சுட்டு நிப்பான்.

மலைக்கு வருவோம். பர்வதமலைக்கு பௌர்ணமிக்கு எவ்ளோ கூட்டம்னு உங்களுக்குச் சொல்லணுமா. 4,560 அடின்னு போர்டுலயே போட்டிருக்கும், கடைசியில கடப்பாறையைப் பிடிச்சுக்கிட்டு சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு ஏறணும், ஒருபக்கம் பள்ளம். செருப்பு இல்லாம, சாப்பிடாம விரதத்தோட, குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஏறறாங்க. அங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தா எப்படி இறக்கறாங்க? எந்த இடத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பும், எந்த இடத்துல திரும்பாது? ஏறறவனுக்கும் தெரியாது, எழுதறவனும் எழுதினது இல்ல. அல்லேரி, பீஞ்சமந்தை பக்கத்து மலை ஜனங்களைக் கேட்டா சொல்லுவாங்க. மூங்கில்ல போர்வை கட்டி டோலில தூக்கி இறக்கறது அவங்களுக்குத் தலைமுறை தலைமுறையா வர்ற வேலை, இறக்கத்துல தலை மேல் பக்கமா வெக்கறது, நிக்காமலே தோள் மாத்தறது, எல்லாம் கை வந்த கலை. 2023ல அல்லேரில பாம்பு கடிச்ச குழந்தையைக் காப்பாத்த முடியாம, அந்த அம்மா உடம்பை கையில சுமந்துக்கிட்டு நடந்தாங்களே, ரோடு இல்லாத கொடுமை, அது தனிக் கதை, அதை நீங்களும் எழுதினீங்க. ஆனா அந்த டோலிக்காரங்க கிட்ட இருக்கற வித்தையை யாரும் எழுதல. 2018 மார்ச்ல தேனி குரங்கணி தீயில 20 பேருக்கு மேல செத்தாங்களே, அன்னிக்கு சாயங்காலம் ஹெலிகாப்டருக்கும் முன்னாடி மேல ஓடினது ஊருக்காரங்கதான்.

வேலூரு மலைங்க வேற மாதிரி. மரமில்லாத மலைன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க இல்ல, ரிக்கர் கண்ணுல பாத்தா அது கயிறு கட்ட இடமில்லாத மலை. உருண்டைப் பாறைதான், அதைச் சுத்தி கயிறு போட்டா எப்ப நழுவும்னு தெரியாது. 2024 டிசம்பர்ல திருவண்ணாமலை மலை சரிஞ்சு 7 பேரு போனதுக்கப்பறம் இந்தப் பக்கத்துல எந்தப் பாறையைப் பாத்தாலும் எனக்கு நம்பிக்கை வரல. படத்துல குளிருதான் எதிரி, நம்ம பக்கம் வெயில். ஏப்ரல் மாசம் மத்தியானம் அந்தப் பாறையில ஒருத்தன் கால் உடைஞ்சு படுத்தா, கால் உடைஞ்சதுக்கு சாகமாட்டான், சூட்டுலயும் தண்ணி இல்லாமயும் போயிடுவான். ரீல்ஸ் எடுக்கறேன்னு சாயங்காலம் போன்ல 10 பர்சன்ட் சார்ஜோட ஏறற பசங்களுக்கு இதை யாரு சொல்லுவா?

சோளிங்கர்ல இப்ப 1,305 படி ஏற முடியாதவங்களுக்கு ரோப் கார் வந்துடுச்சு, ரொம்ப சந்தோஷம், எங்க அம்மா மாதிரி பெரியவங்க எல்லாம் நரசிம்மரைப் பாத்துட்டு வர்றாங்க. 2022 ஏப்ரல்ல ஜார்கண்ட் தேவ்கர்ல ரோப்வே நின்னுபோய் பல பேரு அந்தரத்துல ராத்திரியெல்லாம் தொங்கினாங்க, 3 பேரு செத்தாங்க, அதுல 2 பேரு ஹெலிகாப்டருக்கு ஏத்தும்போது விழுந்து செத்தது. காப்பாத்தற நேரத்துல போன உசுரு. பயமுறுத்தச் சொல்லல. நம்ம ரோப் கார் நடுவுல நின்னா ஆளை எப்படி இறக்குவாங்க, அதுக்கு ஒத்திகை நடக்குதா, பெட்டிக்குள்ள இருக்கறவங்க என்ன பண்ணணும் என்ன பண்ணக்கூடாது, இதை அங்க இருக்கற இன்ஜினியர்களைக் கேட்டு அரைப் பக்கம் போடுங்க. நல்லபடியா இருந்தா நல்லபடியா இருக்குன்னே போடுங்க.

இன்னொரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. தேசிய பேரிடர் மீட்புப் படையோட 4வது பட்டாலியன் எங்க இருக்கு? டெல்லில இல்ல, அரக்கோணத்துல இருக்கு. எங்க வெள்ளம் வந்தாலும் அரக்கோணத்துல இருந்து படை விரைந்ததுன்னு நீங்களே போடறீங்க. அந்தப் படை என்ன சாமான் வெச்சிருக்கு, கயிறு எந்த மாதிரி, ஏறறதுக்குப் போடற இழுபடற கயிறுக்கும் ஆளை இறக்கறதுக்குப் போடற இழுபடாத கயிறுக்கும் என்ன வித்தியாசம், இதெல்லாம் கேக்க வேலூர்ல இருந்து ஒரு நிருபர் காலையில ட்ரெய்ன் ஏறினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை மலர்ல நடிகர் படத்துக்குப் பக்கத்துல அந்த வீரர்கள் முடிச்சுப் போடற படம் வந்தா யாரும் பேப்பர் வாங்கறதை நிறுத்தமாட்டாங்க. எங்க வீட்டுல என்னைத் திட்டறவங்க கூட அந்த டப்பிங் படத்துல ஆணி மாத்தி அடிச்ச இடத்துல, ஏங்க அவன் ஏன் திரும்பப் போறான்னு கேட்டாங்க. விவரம் காட்டினா கேக்கறாங்க சார்.

செய்திக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி போட்டா கூடப் போதும். பொது அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூம் 1077. சிக்னல் கிடைக்கற இடத்துலயே லொகேஷனை அனுப்பிட்டு அதே இடத்துல இருக்கணும், இறங்கறேன்னு நடந்துக்கிட்டே இருந்தா தேடறவங்களுக்கு இன்னும் கஷ்டம். இருட்டினா போன் வெளிச்சத்தை வீணாக்காம, ஆளு சத்தம் கேட்டதும் காட்டணும். இதை நான் சொல்றதைவிட அந்தத் துறைக்காரங்க பேருல நீங்க போட்டா மதிப்பு ஜாஸ்தி.

உங்க நிருபருங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை இடத்துக்கு ஓடறாங்கன்னு தெரியும், ஸ்டேஷன்ல குடுக்கறதை வாங்கி எழுதறதுக்கே நேரம் சரியாப் போயிடும். ஆனா சம்பவ இடத்துக்குப் போனா, அந்த லீடிங் ஃபயர்மேன் டீ குடிக்கும்போது பக்கத்துல நின்னு, அண்ணே கயிறை எங்க கட்டினீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. மீதியை அவரே சொல்லிடுவாரு, இந்தத் தொழில்காரங்களுக்கு அதைக் கேக்க ஆளு கிடைக்கறதே இல்ல. அடுத்த பௌர்ணமிக்கு பர்வதமலைக்கு யாரையாவது அனுப்பறதா இருந்தா சொல்லுங்க, முட்டி வலி இருக்கு, மேல வரைக்கும் வர முடியாது, கடலாடி பக்கம் அடிவாரம் வரைக்கும் கூட வர்றேன், என்ன கேக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர்றேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தெனமும் வாங்கற ஒரு பழைய ரிக்கர்,
வாலாஜாபேட்டை